8ஆம் பின்னில் ரிலே: ராஸ்ப்பெரி பையில் எந்தப் பின்னை எதற்கு வைப்பது

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு. கீழே நிலத்தடித் தொட்டி, மொட்டை மாடியில் தாங்கி, இடையில் ஒரு குதிரைவலு மோட்டர். அதை ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் போர்டுக் கணினி ஒன்று ரிலே போர்டு (சமிக்ஞையால் இயங்கும் சுவிட்ச்) மூலம் போட்டு நிற்பாட்டுகிறது. ரிலேயின் சமிக்ஞை வயர் 8ஆம் பின்னில்; பின் என்றால் கணினிப் போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற இணைப்புக் கம்பி. சமிக்ஞை உயர்ந்தால் ரிலே பிடிக்கும், தாழ்ந்தால் விடும். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. போன கிழமை நீர்மட்ட சென்சர் ஒன்றை 10ஆம் பின்னில் பொருத்தி, அமைப்பு மெனுவில் சீரியல் போர்ட்டை (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பி வாங்கும் இணைப்பை) இயக்கினீர்கள். அன்று தொடக்கம் கரண்ட் போய் வருகிற ஒவ்வொரு முறையும், உங்கள் பைதன் புரோகிராம் எழும்புவதற்கு முன்னரே மோட்டர் ஓடத் தொடங்குகிறது. புரோகிராம் எழும்பியதும் நிற்கிறது. அந்த 8ஆம் பின் எரிந்துபோய்விட்டதா, புதுப் போர்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

எரியவில்லை. போர்டை மாற்ற வேண்டாம். சீரியல் போர்ட்டை இயக்கியபோது, ரிலே இருந்த அதே பின்னை உங்களை அறியாமல் இன்னொரு வேலைக்குக் கொடுத்துவிட்டீர்கள். புரோகிராம் எழும்பியதும் அதைத் திரும்பப் பறித்துக்கொள்கிறது. இடைப்பட்ட நேரத்தில்தான் மோட்டர் ஓடுகிறது. இந்தக் கைமாற்றம் விளங்கிவிட்டால் மற்றப் பின்களையும் பயமில்லாமல் ஒதுக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இலக்கக் குழப்பத்தைத் தீர்ப்போம். 8ஆம் பின் என்று நீங்கள் சொல்வது போர்டின் ஓரத்தில் எண்ணி வருகிற இடம். சிப்புக்குள்ளே அந்தக் கம்பியின் பெயர் ஜிபிஐஓ 14. ஜிபிஐஓ என்றால் பொதுப் பயன் உள்ளீடு-வெளியீடு. ஜிபிஐஓ 8 என்று ஒன்று தனியாக இருக்கிறது, அது 24ஆம் இடத்தில். சென்சர் இருக்கிற 10ஆம் இடம் ஜிபிஐஓ 15. சில பைதன் நூலகங்கள் இட இலக்கத்தைக் கேட்கும், சில சிப் இலக்கத்தைக் கேட்கும், ஒன்று இரண்டையும் ஏற்கும். 2012இல் வந்த முதல் போர்டில் 26 பின்கள்தான் இருந்தன. 2014இல் பி பிளஸ் வந்தபோதுதான் 40 ஆனது. பழைய 26 இடங்களின் ஒழுங்கு அப்படியே இருக்கிறபடியால், பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்து வயர் பொருத்தினாலும் பெரும்பாலும் தப்பிவிடுவீர்கள். இருந்தாலும் டேர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், 'பின்அவுட்' என்று அடித்தால் உங்கள் போர்டின் படத்தையே போட்டுக் காட்டும். அதைப் பார்த்து ஒவ்வொரு வயரிலும் இரண்டு இலக்கத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தப் பதிலில் இனி நான் ஜிபிஐஓ இலக்கத்தையே முதலில் சொல்வேன்.

இப்போது சிப்புக்குள் போவோம். பை 4இல் இருப்பது பிராட்கொம் 2711 என்ற சிப். அதில் ஒவ்வொரு ஜிபிஐஓ கம்பிக்கும் மூன்று பிட் கொண்ட ஒரு தெரிவு உண்டு. மூன்று பிட் என்றால் எட்டு நிலை: உள்ளீடு ஒன்று, வெளியீடு ஒன்று, மீதி ஆறும் 'ஆல்ட்' எனப்படும் மாற்றுப் பணிகள். ஆல்ட் 0 முதல் ஆல்ட் 5 வரை. ஜிபிஐஓ 14ஐ ஆல்ட் 0இல் வைத்தால் முதன்மை சீரியல் அலகின் அனுப்பும் முனை. ஆல்ட் 5இல் வைத்தால் மினி சீரியல் அலகின் அனுப்பும் முனை. ஜிபிஐஓ 18 ஆல்ட் 0இல் ஒலித் தரவுக்கான கடிகாரம், ஆல்ட் 5இல் பிடபிள்யூஎம் (வேகமாகப் போட்டு நிற்பாட்டி ஒளி போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு). எந்தக் கம்பிக்கு எந்த ஆறு பணிகள் என்பது சிலிக்கனில் வார்த்த அட்டவணை, நாம் மாற்ற முடியாது. ஜிபிஐஓ 17இல் அந்த முதன்மை சீரியலின் அனுப்பும் முனையைக் கொண்டுவர எந்தக் கட்டளையாலும் முடியாது. அங்கே அந்தத் தடமே இல்லை.

ஆனால் எல்லாப் பணியும் இப்படி இல்லை. வெப்பநிலை அளக்கும் டிஎஸ்18பி20 போன்ற ஒற்றைக் கம்பிச் சென்சர்களை இயங்குதளத்தின் மையமான கேர்னலே மென்பொருளால் பேசவைக்கிறது. வழமையாக அது ஜிபிஐஓ 4ஐப் பிடித்தாலும், அமைப்புக் கோப்பில் வேறு இலக்கம் கொடுத்தால் அங்கே போய்விடும். ஆகவே பின் ஒதுக்கும்போது முதலில் இடம் மாற முடியாதவற்றை உட்கார வைக்க வேண்டும்: ஐ2சி, எஸ்பிஐ (இரண்டும் வேறு சிப்களோடு தரவு பரிமாறும் முறைகள்), சீரியல், பிடபிள்யூஎம். ரிலே, பொத்தான், ஒற்றைக் கம்பிச் சென்சர் எல்லாம் எங்கே விட்டாலும் இருந்துகொள்ளும். நீங்கள் செய்தது தலைகீழ். எங்கேயும் இருக்கக்கூடிய ரிலேயைச் சீரியலுக்கென்று இருந்த இடத்தில் முதலில் உட்கார வைத்தீர்கள், சீரியல் பிறகு வந்தது.

இனி மோட்டர் ஓடுகிற அந்த அரை நிமிடத்துக்கு வருவோம். மின்சாரம் வந்ததும் சிப் எல்லா ஜிபிஐஓவையும் உள்ளீடாகவே வைத்திருக்கும். ஆனால் சும்மா மிதக்க விடுவதில்லை. 0 முதல் 8 வரையுள்ளவற்றை உள்ளே இருக்கும் மெல்லிய தடையால் 3.3 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும். 9 முதல் 27 வரையுள்ளவற்றை நிலத்தின் (0 வோல்ட்டின்) பக்கம் இழுக்கும். 14 இரண்டாவது கூட்டத்தில் இருப்பதால் முதல் மூன்று மாதமும் ரிலே பேசாமல் கிடந்தது. நீங்கள் கேட்காமலே கிடைத்த பாதுகாப்பு அது.

அடுத்தது ஃபேர்ம்வெயர், அதாவது இயங்குதளத்துக்கு முன் போர்டை எழுப்புகிற மென்பொருள். அது அமைப்புக் கோப்பை வாசிக்கிறது. சீரியலை இயக்கு என்ற வரி அங்கே இப்போது இருப்பதால் 14ஐயும் 15ஐயும் ஆல்ட் 5க்கு மாற்றிவிடுகிறது. பை 4இல் முதன்மை சீரியல் அலகு புளூடூத்துக்குப் போய்விட்டபடியால் இங்கே வருவது மினி அலகு. சீரியல் அனுப்பும் முனை பேச ஒன்றும் இல்லாதபோது தாழ்ந்து கிடப்பதில்லை, உயர்ந்து நிற்கும். ஓர் எழுத்து தொடங்குகிறது என்று சொல்லும் தொடக்க பிட் வந்தால்தான் தாழும். சும்மா இருக்கிற சீரியல் கம்பி 3.3 வோல்ட்டில் நிற்கிறது, உங்கள் ரிலே அதை 'போடு' என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு கேர்னல் எழும்புகிறது, கடைசியில் உங்கள் புரோகிராம். பழைய பைதன் ஜிபிஐஓ நூலகம் கேர்னலிடம் ஒன்றும் கேட்பதில்லை, நேரே சிப்பின் பதிவேட்டில் எழுதி 14ஐ வெளியீடாக்கித் தாழ்த்திவிடும். மோட்டர் நிற்கிறது. சென்சர் பேசுவது 15இல் என்பதால் அதுவும் தொடர்ந்து வேலை செய்கிறது. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

மெனுவில் சீரியலைப் பற்றி இரண்டு கேள்வி வந்திருக்கும். சீரியல் வழியாக லொகின் வேண்டுமா என்பது ஒன்று, சீரியல் வன்பொருளை இயக்கவா என்பது மற்றது. முதலாவதற்கு 'வேண்டாம்' என்று கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்வார்கள். தீராது. லொகினை நிற்பாட்டுவது அவசியம்தான், இல்லாவிட்டால் சென்சர் அனுப்புகிற ஒவ்வொரு எழுத்தையும் லொகின் புரோகிராம் பயனர் பெயர் என்று நினைத்து விழுங்கப் பார்க்கும். ஆனால் வன்பொருள் இயங்கும்வரை 14 உயர்ந்துதான் நிற்கும்.

நான் சொல்வதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். புரோகிராம் தானாக எழும்பாதபடி நிற்பாட்டி, மோட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, போர்டை மீள எழுப்புங்கள். டேர்மினலில் பின் கன்ட்ரோல் கருவியை அழையுங்கள். பெயர் பி, ஐ, என், சி, டி, ஆர், எல் என்ற ஏழு எழுத்து. அதற்குப் பிறகு 'கெட்' என்ற சொல்லும் 14 என்ற இலக்கமும். ஏ5 (ஆல்ட் 5) என்றும், நிலை உயர்வு என்றும், டிஎக்ஸ்டி1 (மினி அலகின் அனுப்பும் முனை) என்றும் ஒரே வரியில் காட்டும். புரோகிராமை ஓடவிட்டு இன்னொரு முறை கேளுங்கள். ஏ5 போய் ஓபி (வெளியீடு) வந்திருக்கும். பழைய பதிப்புகளில் இதே வேலையை ராஸ்பி-ஜிபிஐஓ என்ற கருவி செய்தது. எந்தப் பின் கோளாறுக்கும் நான் முதலில் செய்வது இதுதான்: மீட்டரை எடுக்குமுன், இப்போது அது எந்தப் பணியில் இருக்கிறது என்று சிப்பிடமே கேட்பேன்.

திருத்தம் இலகுவானது. ரிலே வயரை 8ஆம் இடத்திலிருந்து கழற்றி 11ஆம் இடத்தில், அதாவது ஜிபிஐஓ 17இல் பொருத்துங்கள். 22, 23, 24, 25, 27 ஆகியவையும் நல்லவை. இவை எழும்பும்போது தாழ்ந்திருக்கும் கூட்டம், உங்களுக்குத் தேவைப்படுகிற ஐ2சி, முதலாவது எஸ்பிஐ, சீரியல் எதுவும் இவற்றைத் தேடி வராது. 5, 6 ஆகியவையும் சும்மா கிடக்கும் பின்கள்தான் என்று ஆசைப்பட வேண்டாம். அவை முதல் கூட்டம். எழும்பும்போது மெல்ல மேலே இழுக்கப்பட்டிருக்கும். சமிக்ஞை தாழ்ந்தால் பிடிக்கிற ரிலே போர்டாக இருந்தால் நானே அவற்றைத்தான் சொல்லியிருப்பேன். 2, 3 இரண்டையும் ரிலேக்குத் தொடவே கூடாது. போர்டிலேயே 1.8 கிலோ ஓம் தடையால் நிரந்தரமாக மேலே கட்டப்பட்டிருக்கின்றன. 0, 1 இரண்டும் மேலே பொருத்துகிற துணைப் போர்டுகளை அடையாளம் காண வைத்தவை, அவற்றையும் விட்டுவிடுங்கள்.

அடுத்து அமைப்புக் கோப்பு. 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து அது பூட் அடைவுக்குள் உள்ள ஃபேர்ம்வெயர் அடைவில் இருக்கிறது. பழைய இடத்தில் தேடினால் 'இங்கே திருத்தாதே' என்ற குறிப்புத்தான் கிடைக்கும். அதில் ஒரு வரி சேருங்கள்: ஜிபிஐஓ=17=ஓபி,டிஎல். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல். ஓபி என்றால் வெளியீடு, டிஎல் என்றால் தாழ்த்திப் பிடி. புரோகிராம் எழும்பும்வரை காத்திருக்காமல் ஃபேர்ம்வெயரே பின்னைத் தாழ்த்திவிடும். ஆனால் இதுவும் மின்சாரம் வந்து சில விநாடி கழித்துத்தான் நடக்கும், யூஎஸ்பியிலிருந்து எழும்பினால் இன்னும் தாமதிக்கும். அந்தச் சில விநாடிக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்றை ரிலே உள்ளீட்டுக்கும் நிலத்துக்கும் இடையில் போடுங்கள். சிப்பின் உள் தடை ஏறக்குறைய 50 கிலோ ஓம், நீண்ட வயரில் வருகிற இரைச்சலை அதனால் மட்டும் அடக்க முடியாது. வயர் கழன்று விழுந்தாலும் ரிலேயைத் தாழ்த்தி வைத்திருக்கப்போவது இந்தத் தடைதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

சென்சருக்கு வருவோம். அது 5 வோல்ட்டில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பையின் எந்த ஜிபிஐஓவும் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஆகவே இதை இன்றைக்கே பாருங்கள். சீரியல் சும்மா இருக்கும்போது உயர்ந்து நிற்கும் என்று சொன்னேனே, அதுவே இங்கே உதவுகிறது: சென்சரின் அனுப்பும் வயரைப் பையிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 3.3க்குக் கிட்ட நின்றால் அப்படியே பொருத்தலாம். 5க்குக் கிட்ட நின்றால் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகளால் பிரித்துக் கொடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 3.3 வோல்ட், பைக்குப் போகும்.

வசதி இருந்தால் சென்சரையும் 15இலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். பை 4இல் கூடுதலாக நான்கு சீரியல் அலகுகளை வெளியே கொண்டுவரலாம், பழைய போர்டுகளில் இல்லாத வசதி அது. ஐந்தாம் சீரியலுக்கான ஓவர்லே வரியை (அந்த அலகை இயக்கும் வரியை) அமைப்புக் கோப்பில் சேர்த்தால் ஜிபிஐஓ 12 அனுப்பும், 13 வாங்கும்; இடங்கள் 32, 33. மினி அலகின் வேகம் சிப்பின் மையக் கடிகாரத்தோடு கட்டப்பட்டது, கடிகாரம் ஏறி இறங்கினால் எழுத்துகள் குழம்பும், அதனால் அந்தக் கடிகாரத்தை ஒரே வேகத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாவது முழுமையான அலகு, அந்தத் தொல்லை இல்லை. 14உம் 15உம் சும்மா இருந்தால், என்றைக்காவது திரை இல்லாமல் போர்டு எழும்ப மறுக்கும்போது அங்கே ஒரு சீரியல் கேபிளைப் பொருத்தி உள்ளே என்ன நடக்கிறது என்று வாசிக்கலாம். அந்த வாசல் திறந்திருப்பதன் அருமை அப்போது தெரியும்.

பின்னைக் கண்ணால் பார்த்தே மோதலைக் கண்டுபிடிக்கலாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சில வருடங்களுக்கு முன் செட்டியார் தெருவில் நண்பர் ஒருவரின் கடைக்கு ஆடிவேல் திருவிழா நாட்களுக்காக விளக்கு அலங்காரம் செய்து கொடுத்தேன். பை 3. எல்ஈடி பட்டி ஜிபிஐஓ 18இல், பிடபிள்யூஎம்மால் மெல்லக் கூடிக் குறைய வேண்டும். வேல் வரும் நேரம் அதே போர்டின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து பக்திப் பாட்டு. தனித்தனியாக இரண்டும் அழகாக வேலை செய்தன. பாட்டைப் போட்டதும் விளக்கு வெட்டி வெட்டி எரிந்தது. இரவு பதினொரு மணிவரை வயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பை 3இல் ஹெட்ஃபோன் ஒலியும் அதே பிடபிள்யூஎம் அலகிலிருந்துதான் வருகிறது. அது வெளியேறுவது 40, 41 என்ற இரண்டு ஜிபிஐஓ வழியாக, அவை 40 பின் வரிசைக்கு வராமல் போர்டுக்குள்ளேயே ஓடுகின்றன. ஓரத்தில் எந்த இரண்டு வயரும் மோதவில்லை, உள்ளே இருந்த அலகு ஒன்றே ஒன்று. பம்பலப்பிட்டியில் ஒரு யூஎஸ்பி ஒலி அட்டை வாங்கி, அமைப்புக் கோப்பில் உள் ஒலியை நிற்பாட்டியதும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் பின் அட்டவணை எழுதும்போது மூன்றாவது நிரல் ஒன்றும் போடுகிறேன்: இந்தப் பணி எந்த அலகிலிருந்து வருகிறது, அதே அலகை வேறு யார் கேட்கிறார்கள்.

நாளைக்கு பை 5 வாங்கினால் இதே புரோகிராம் அப்படியே ஓடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பழைய நூலகத்தோடு ஓடாது. 2023இல் வந்த பை 5இல் பின்களைப் பார்த்துக்கொள்வது பிரதான சிப் அல்ல, ஆர்பி1 என்ற தனிச் சிப். பழைய நூலகம் எழுதத் தேடுகிற பதிவேடுகள் அந்த இடத்தில் இல்லை. ஜிபிஐஓசீரோ நூலகத்துக்கோ, கேர்னலின் வாசலால் போகிற லிப்ஜிபிஐஓடிக்கோ இப்போதே மாறிவிடுங்கள். லிப்ஜிபிஐஓடியோடு வருகிற 'ஜிபிஐஓஇன்ஃபோ' கட்டளை எந்தக் கம்பியை எந்தப் புரோகிராம் பிடித்திருக்கிறது என்றும் காட்டும், உங்களைப் போன்ற சிக்கலில் அது பெரிய உதவி. வரிசையில் இலக்கங்கள் மாறவில்லை, மாற்றுப் பணிகளின் அட்டவணை மாறியிருக்கிறது. ஒரஞ்ச் பை போன்ற ஒல்வின்னர் போர்டுகளில் பெயர் வைக்கும் முறையே வேறு: பிசி4 என்றால் சி குழுவின் 4ஆம் கம்பி, ஒரு குழுவுக்கு 32 வீதம் எண்ணி 68 என்று கேர்னலுக்குச் சொல்ல வேண்டும். பீகிள்போனிலும் பின்னுக்கு எட்டு நிலைதான், ஆனால் அதன் இலக்க முறையும் கட்டளையும் தனி. பையின் வரைபடத்தை வைத்து இவற்றில் வயர் பொருத்த வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைவலு 746 வாட், மோட்டரின் இழப்புகளும் சேர 230 வோல்ட்டில் ஓடும்போது ஏறக்குறைய 5 அம்பியர், ஆகவே போதும் என்று தோன்றும். ஆனால் மோட்டர் தொடங்கும் கணத்தில் அதுபோலப் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் ஜிபிஐஓ 17 தாழ்ந்திருந்தும் மோட்டர் ஓடும், அப்போது மேலே நான் எழுதியதெல்லாம் உதவாது. ரிலே ஒரு கொன்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சின்) சுருளை மட்டும் இயக்கட்டும், மோட்டரைக் கொன்டாக்டர் இயக்கட்டும். மேல் தாங்கியில் ஒரு மிதவைச் சுவிட்சை அந்தச் சுருளோடு தொடராகப் போடுங்கள், நிரம்பினால் பை என்ன சொன்னாலும் மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த வேலையை நல்ல வயரிங் பாஸ் (மின்வேலை செய்பவர்) ஒருவரிடம் கொடுங்கள், 230 வோல்ட் பக்கம் நீங்கள் கை வைக்க வேண்டாம். உங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி என்றால், போர்டையும் ரிலேயையும் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். உப்புக் காற்றில் ஜம்பர் வயரின் முனைகள் ஒரு வருடத்துக்குள் பச்சை பிடித்துவிடும், அப்போது வருகிற விட்டு விட்டு வேலை செய்யும் கோளாறை எந்தக் கட்டளையும் காட்டாது.

எல்லாம் மாற்றிய பிறகு மோட்டரை உடனே இணைக்காமல், ரிலே முனையில் ஒரு சிறிய 12 வோல்ட் பல்பையும் பற்றரியையும் கட்டுங்கள். பையின் மின்சாரத்தைச் சுவரில் வைத்தே பத்துத் தடவை நிறுத்திப் போடுங்கள். இரண்டு மூன்று தடவை எழும்பும் நடுவிலேயே நிறுத்துங்கள், கரண்ட் அப்படித்தானே வந்து போகிறது. ஒரு தடவையாவது பல்ப் மினுங்கினால், எந்த விநாடியில் மினுங்கியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். எழும்பும் வரிசையில் எந்தக் கட்டத்தில் பின் கை மாறியது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.